ஆறேமுக்கால் அடி

நடைபாலம் திறந்த வாரத்திலேயே காரைக்காலில் பாதி ஜனம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதன்மேல் நின்று போட்டோ எடுக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று என் வீட்டுக்காரர் காஜா நஜ்முதீன். ஊரெல்லாம் காற்று வாங்கப் போனது. இவர் மட்டும் அளவெடுக்கப் போகணும் என்றார்.

"எதுக்கு அளவு?" என்று கேட்டேன்.

"என்னை அந்தப் பக்கமாத் தோள்ல தூக்கிட்டுப் போக முடியுமான்னு பார்க்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை ஸ்டூலில் வைத்த வேகத்துக்குப் பாதிக் கஞ்சி தரையில் கொட்டியது. "வாயைக் கழுவுங்க. ஒரு வாய் கஞ்சி உள்ளே போகல, அதுக்குள்ள சந்தூக்குல படுத்துத் தோள்ல போகணுமாக்கும்!" என்று கத்திவிட்டு, கொட்டின கஞ்சியை நானே உட்கார்ந்து துடைத்தேன். துடைக்கும்போது அழுதேன். அவர் பார்க்கிற மாதிரிதான் அழுதேன், ஒளித்து அழுகிற வயசெல்லாம் போய்விட்டது.

மறைக்க ஒன்றுமில்லை. நுரையீரலில் ஆரம்பித்தது எலும்பு வரைக்கும் போய்விட்டது. புதுச்சேரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதை நான் இவரிடம் எப்படிச் சொல்வது என்று காரில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கடலூர் தாண்டும்போது இவரே, "எவ்வளவு நாள்னு சொன்னான்?" என்று கேட்டார். முப்பத்தாறு வருஷம் ஷார்ஜாவில் சாரம் கட்டுகிற வேலை பார்த்தவர். கட்டின சாரம் எத்தனை நாள் நிற்கும் என்று முதலிலேயே தெரிந்துகொள்வது அவர் பழக்கம்.

எங்கள் வீடு அரசலாற்றுக்கு வடகரையில். எங்கள் மையத்தாங்கொல்லை தென்கரையில். இவருடைய வாப்பாவும் உம்மாவும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். வண்டிப் பாலம் வழியாகச் சுற்றிப்போனால் நாலு கிலோமீட்டர், எந்நேரமும் பஸ்ஸும் லாரியும். அதனால் கொஞ்ச வருஷமாக எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் மையத்தைத் தெருமுனை வரைக்கும் தோளில் கொண்டுபோய், அங்கிருந்து ஜமாஅத் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். வேன் என்றாலே இவருக்கு ஆகாது.

அதற்குக் காரணம் ஹமீது. இவரோடு ஒரே அறையில் பதினோரு வருஷம் படுத்து எழுந்தவர். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஹமீதின் உடல் வைத்த பெட்டியை விமானத்தில் அனுப்ப இவர்தான் கூடப் போனார். பெட்டிமேல் ஸ்டிக்கர் ஒட்டி எடை எழுதியிருந்தார்களாம். ஃபோர்க்லிஃப்ட் வந்து தூக்கிக்கொண்டு போனதாம். பக்கத்தில் நின்ற வாழைப்பழப் பெட்டியையும் அதே வண்டிதான் தூக்கியதாம். அதைச் சொல்லும்போதெல்லாம், "என்னைக் கதவைச் சாத்தி எதுலயும் ஏத்திடாதீங்க. நாலு மனுஷன் தோள்ல போகணும். அவ்வளவுதான் எனக்கு" என்பார். வேறு ஒன்றும் இவர் கேட்கவில்லை. மகன் ஷகீல் தோஹாவில் இருக்கிறான். அவன் அந்த நேரத்துக்கு வந்து சேருவானா என்றுகூட இவர் ஒரு தடவை கேட்டதில்லை.

நடைபாலம் வந்ததும் இவருக்கு ஆசை வந்துவிட்டது. அதில் போனால் வீட்டிலிருந்து மையத்தாங்கொல்லைக்கு இருபது நிமிஷம் நடை. ஆனால் பாலத்து வாசலில் பைக் நுழையாமல் இருக்க வளைத்து வளைத்துக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. ஒருநாள் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிற அலாவுதீன் பாய்க்குப் போன் போட்டு, மையத்தை வைத்துத் தூக்குகிற சந்தூக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று கேட்டிருக்கிறார்.

அந்த மனுஷர் பதறிப்போய், "இன்னா லில்லாஹி! யாருக்கு பாய்?" என்று கேட்க, இவர், "எனக்குத்தான். அவசரமில்ல, மெதுவா அளந்து சொல்லுங்க" என்றாராம். ஆறேமுக்கால் அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.

நான் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் பார்த்தால் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு சட்டை போட இவருக்கு அரைமணி நேரம் ஆகும். நான் தூங்கி எழுவதற்கு முன்னால் தானாகவே போட்டிருக்கிறார், பொத்தான் மட்டும் மேலும் கீழுமாக. அதற்கப்புறம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அசர் தொழுதுட்டுப் போவோம்" என்றேன்.

ஜெயபிரகாஷின் ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரிக்கு எப்போதும் அவன்தான் வருவான். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைப்பது முதல் இவரைக் கைத்தாங்கலாக இறக்குவது வரைக்கும் அவனுக்கு எல்லாம் அத்துப்படி.

பாலம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெள்ளை வெளேரென்று ஓர் இரும்பு வில், அதிலிருந்து கம்பிகள் இறங்கி நடைபாதையைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி நடுவில் சிவப்பு இதயம் ஒன்று. அதன் முன்னால் நாலைந்து பெண்பிள்ளைகள் முடியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இவர் எதையும் பார்க்கவில்லை. வில்லைப் பார்த்து, "வெல்டிங் சுத்தமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு நேராக வாசல் கம்பிக்குப் போகச் சொன்னார்.

இடுப்பு உயரத்துக்குக் குழாய்க் கம்பிகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் ஒன்று. இடம் வலமாகத் திரும்பித் திரும்பித்தான் உள்ளே போக முடியும். ஆள் போகலாம், ஆடு போகலாம். நான் நாற்காலியைத் தள்ளினேன். முதல் திருப்பத்திலேயே சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினேன், மறுபடி முட்டியது.

காவலர் ஒருத்தர் எழுந்து வந்தார். செல்லையன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. அறுபது வயசு இருக்கும். "வண்டி போவாதும்மா. பைக்கு நுழையாம இருக்க வச்சது" என்றார்.

"இது பைக்கா? உங்க கண்ணுக்கு இது பைக் மாதிரி தெரியுதா?"

"எனக்குத் தெரியுதும்மா. கம்பிக்குத் தெரியலியே."

"வேற வழி இல்லியா? கேட்டு கீட்டு?"

"பிளான்ல இருந்துச்சாம்மா. கட்டும்போது காணோம்."

"இத்தனை கோடி கொட்டிக் கட்டினவனுக்கு வீட்டுல முடியாதவங்களே கிடையாதா?" என்று நான் ஆரம்பித்தேன். எனக்கு ஆரம்பித்தால் நிற்காது. அந்த மனுஷர் பாவம், தான் கட்டின மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

இதற்குள் இவர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த அதே டேப். "ஜெயபிரகாஷு, இந்த முனையைப் புடி" என்றார். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் அளந்தார்கள். மூன்றடி. திருப்பத்தில் அளந்தார்கள். நாலேகால் அடி. மறுபடி அளக்கச் சொன்னார். மருந்துச் சீட்டைத் தொடைமேல் விரித்து, பென்சிலால் கோடு போட்டு, நீளத்தை ஒருபக்கம் சாய்த்து, இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, ரப்பே, திரும்பிடணும், எப்படியாவது திரும்பிடணும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். காலை வரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம் என்று சண்டை போட்டவள் நான்தான்.

"திரும்பாது" என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க."

"பார்த்துட்டேன் புள்ள. ஆறேமுக்கால் அடி இதுல திரும்பவே திரும்பாது. ஒன்றரை அடி இடிக்குது. நிமிர்த்திப் போட்டாத்தான் போகும். நிமிர்த்தவா முடியும்?" சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "வேன்தான். வா, போகலாம்."

அந்த "வேன்தான்" என்று சொன்ன குரல் இருக்கிறதே, அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நான் கத்தினேன்.

"போகட்டும், வேன்ல போங்க! தோளு தோளுன்னு நீங்க கேட்கிறீங்களே, உங்க வாப்பா போனப்போ எங்க இருந்தீங்க? உங்க உம்மா கண்ணு வாசலையே பார்த்துட்டு இருந்துச்சே, அப்போ எங்க இருந்தீங்க? கடைசித் தண்ணி நான்தானே கொடுத்தேன்? லீவு தரல, லீவு தரலன்னு போன்ல அழுதீங்க. நான் யாருகிட்ட அழுதேன்?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. பதினாலு வருஷம் அடக்கி வைத்த பேச்சு. வெளியே வர இந்த நாளையும் இந்த இடத்தையும் பார்த்திருக்கிறது, என் பாழாய்ப்போன வாய். ஜெயபிரகாஷ் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இவர் டேப்பை மெல்ல உள்ளே சுருளவிட்டார்.

செல்லையன்தான் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதை அளக்கிறீங்க?"

"சந்தூக்கு. எங்காளுங்க மையத்து எடுத்துட்டுப் போறது."

"அது எனக்கும் தெரியும்யா. எங்க தெருவுல மரைக்காயர் வீட்டுக்கெல்லாம் நான் கூடப் போயிருக்கேன். தோள்லதானே தூக்கிட்டுப் போவாங்க?"

"ஆமா. தோள்லதான்."

"அப்பக் கம்பிக்கு மேலல்ல போவும்? கம்பி இடுப்போட நின்னுபோச்சு. ஆளுங்கதான் வளைஞ்சு வளைஞ்சு நடக்கணும். மேல இருக்கிறது நேராப் போயிடும்."

இவர் கம்பியைப் பார்த்தார். செல்லையனின் தோளைப் பார்த்தார். மறுபடி கம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடக் கொடுமையே, சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! ஷார்ஜாவில் நாற்பது மாடிக்குச் சாரம் கட்டின மனுஷருக்கு இது தெரியவில்லை. நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார், உயரம் பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்கு எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலோடு சரி. மையத்து வாசலைத் தாண்டினதும் கதவுக்குப் பின்னால் நின்று அழுவோம். அப்புறம் தெருவில் அது எப்படிப் போகிறது, எந்த உயரத்தில் போகிறது என்று எந்தப் பெண் கண்டாள்?

இவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உதடு கோணிக்கொண்டு போனது.

"நான் தூக்கினதே இல்லய்யா" என்று செல்லையனிடம் சொன்னார். முன்பின் தெரியாத மனுஷரிடம், கைதியாக நின்று ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார். "இருபத்திரெண்டு வயசுல பிளேன் ஏறினேன். அதுக்கு முன்னாடி கூட்டத்துக்குப் பின்னால நடந்திருக்கேன், தோள் கொடுத்ததில்ல. லீவுல வந்தப்போ யாரும் மவுத்தாகல. திரும்பி வந்ததும் படுத்துட்டேன். என் வாப்பாவைத் தூக்கல, உம்மாவைத் தூக்கல. ஒரு தடவை தூக்கியிருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்கும்ல? அஞ்சு வேளை தொழுகிற மனுஷன், ஐம்பத்தொன்பது வயசு, சந்தூக்கு எந்த உசரத்துல போகும்னு தெரியல."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவு வருஷத்தில் போனில் அழுது கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. நான் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "நான் சொன்னதை மனசுல வச்சிக்காதீங்க. வாயில வந்துடுச்சு" என்றேன்.

"நீ சொன்னது சரிதான்" என்றார். "எல்லாத்தையும் நீதான் பார்த்தே."

பிறகு ஜெயபிரகாஷ் மெதுவாக, "பாலத்து மேல போகாமலே திரும்பிடறதா?" என்று கேட்டான்.

"நாற்காலி போகாதேப்பா" என்றேன்.

"அதான் அவரு வழி சொல்லிட்டாருல்ல? கம்பிக்கு மேலதான்."

ஜெயபிரகாஷ் ஒன்று, செல்லையன் இரண்டு. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பையனை ஜெயபிரகாஷ் கையைத் தட்டிக் கூப்பிட்டான். எழிலனாம் பெயர், கோவில்பத்திலிருந்து தினமும் ஆபீஸ் முடிந்து இங்கே நடக்க வருவானாம். விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினான். எதற்குச் செருப்பைக் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மூன்று ஆயிற்று. நாலாவது ஆளுக்குச் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். இதயத்துக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளைகளைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லை.

இவர் என்னைப் பார்த்தார். "சித்திக்கா, நீ வா."

"நானா? என்ன பேசுறீங்க? பொம்பளை போயி..."

"மையத்துக்குத்தானே பொம்பளை தோள் கொடுக்கிறதில்ல? நான் உசுரோட இருக்கேன்ல? வா. அப்புறம் உன்னை விடமாட்டாங்க."

நான் புர்காவின் தலைத்துணி ஓரத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டேன். போர்த்தியிருந்த துப்பட்டாவால் இவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். என் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நிக்காது" என்று அவிழ்த்துத் தானே போட்டுக்கொண்டார். அப்புறம் சத்தமாக, ஆள் வைத்து வேலை வாங்குகிற பழைய குரலில், "முன்னால உசரமான ஆளுங்க வேண்டாம், சாஞ்சிடும். சித்திக்காவும் செல்லையனும் முன்னால. பின்னால நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் குனிஞ்சு வாங்க. நான் சொன்னதும் ஒண்ணாத் தூக்கணும். பிஸ்மில்லாஹ்" என்றார்.

தூக்கினோம். ஆஸ்பத்திரியில் முப்பத்தொன்பது கிலோ என்று எழுதியிருந்தார்கள். நாற்காலி பாதி கனம். கட்டிக்கொண்டு வந்த நாளில் என்னை ஒரு கையால் சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்த மனுஷர். என் தோளில் இரும்பு பதிந்தது, வலித்தது. முதல் கம்பி, இடப்பக்கம் வளைந்தோம். இரண்டாவது, வலப்பக்கம். தலைக்கு மேலே சக்கரம் எதிலும் படவில்லை. மூன்றாவதையும் தாண்டினோம். செல்லையன், "அவ்வளவுதான், வந்தாச்சு. இறக்கிடலாமா?" என்றார்.

"கொஞ்சம் போங்களேன்" என்றார் இவர், மேலே இருந்து. கெஞ்சுகிற மாதிரி.

போனோம். பாலத்துப் பலகை காலடியில் லேசாக அதிர்ந்தது. எதிரே வந்தவர்கள் சிரிக்கப் பார்த்து, பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். ஒரு பெரியவர் தலையில் தொப்பியைச் சரிசெய்தார். போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு பெண் அதைக் கீழே இறக்கினாள். மேலே இவர் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு நடுவில் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். தனக்காக ஓதினாரா, வாப்பா உம்மாவுக்காக ஓதினாரா, நான் கேட்கவில்லை.

"ஆட்டமே இல்ல சித்திக்கா" என்றார். "நல்லா இருக்கு."

"பேசாம வாங்க, மூச்சு வாங்குது" என்றேன். வாங்கியது எனக்கு.

நடுப்பாலத்துக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது எதிரிலிருந்து ஒரு வாலிபன் ஓடிவந்தான். நல்ல தோள், நெற்றியில் தொழுத தழும்பு. என் பக்கத்தில் வந்து கூடவே நடந்தபடி, "உம்மா, விடுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்று தோளைக் கொண்டுவந்தான். எங்கள் ஆண்களிடம் அது ஒரு முறை. சந்தூக்கு போகும்போது ஒருத்தர் வந்து தோள் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அந்த நன்மை அவருக்கும் சேரட்டும் என்று விட்டு விலக வேண்டும். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

"மாட்டேன்" என்றேன்.

"உங்களுக்கு முடியல உம்மா, கால் தள்ளாடுது."

"தள்ளாடட்டும். நீ ஆம்பளைப் புள்ள வாப்பா. இவரைத் தூக்க உனக்கு இன்னொரு நாள் இருக்கு, அன்னைக்கு வந்து தூக்கு. எனக்கு இன்னைக்கு மட்டும்தான். நகரு."

அவன் நகர்ந்து வழிவிட்டான். நாங்கள் நடந்தோம்.